பிரவுசர் ரேமைத் தின்கிறது: டேப்பை மூடுவதா, பிரவுசரை மாற்றுவதா, ரேம் வாங்குவதா?

"டேய், பிரவுசர் மட்டும் அஞ்சரை ஜிபி தின்னுது. ரேம் வாங்கிப் போட்டுடவா, இல்ல பிரவுசரையே மாத்திடவா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

நண்பன் போனில் கேட்டான். அவனுடையது 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். இரண்டில் எதையும் சொல்லாமல், குரோம் திறந்திருக்கும்போதே ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். பிரவுசருக்கென்றே இருக்கும் டாஸ்க் மேனேஜர் வந்தது. மெமரி பத்தியின் தலைப்பைத் தட்டி, பெரியது மேலே வரும்படி அடுக்கச் சொன்னேன். முதல் வரியில் அலுவலக வேலைகளைப் பதிந்து வைக்கும் ஒரு தளம்: 1.9 ஜிபி. அந்த டேப்பை எப்போது திறந்தாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "போன வாரத்துக்கு முந்தின வாரம்" என்றான். அதற்கு அடுத்த வரியில் தள்ளுபடிக் கூப்பன் தேடித் தரும் எக்ஸ்டென்ஷன் ஒன்று, அரை ஜிபி. அதை எப்போது போட்டான் என்பதே அவனுக்கு நினைவில்லை. டேப்பை ஒருமுறை ரீலோட் செய்தான், 1.9 ஜிபி 300 எம்பிக்கு இறங்கியது. கூப்பன்காரனை நீக்கினான். அஞ்சரை ஜிபி 3.4 ஆனது. மற்ற டேப்கள் முப்பத்தைந்தும் திறந்தது திறந்தபடியே இருந்தன.

அந்த மொத்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் அவன் ரேம் வாங்கியிருப்பான். கூப்பன்காரன் புது ரேமிலும் வந்து உட்கார்ந்திருப்பான். எந்த வழி நமக்குப் பொருந்தும் என்பது, தின்பது யார் என்று தெரிந்த பிறகுதான் தெரியும். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அதை வைத்துத்தான்.

இது தொல்லைதானா?

ரேம் நிறைந்திருப்பதே கோளாறு ஆகிவிடாது. சும்மா கிடக்கும் ரேமை இயங்குதளம் கேஷாக, அதாவது மறுபடி தேவைப்படலாம் என்பதைக் கையருகே வைத்துக்கொள்ளும் இடமாகப் பயன்படுத்திக்கொள்ளும்; வேறு நிரல் கேட்டால் விட்டுக்கொடுக்கும். லினக்ஸில் ஃப்ரீ கட்டளை கொடுத்தால் 'ஃப்ரீ' பத்தியைப் பார்த்துப் பதறுபவர்கள் பக்கத்திலிருக்கும் 'அவைலபிள்' பத்தியைப் பார்க்க வேண்டும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் மெமரி பிரஷர் வரைபடம் பச்சையாக இருந்தால் விட்டுவிடலாம். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் போனால்தான் கவலை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 'அவைலபிள்' எவ்வளவு என்று பாருங்கள்.

கூட்டிப் பார்ப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. பிரவுசர் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓட்டும் செயல்முறைகள் (பிராசஸ்கள்) ரேமின் சில பகுதிகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. லினக்ஸில் டாப், ஹெச்டாப் போன்ற கண்காணிப்பு நிரல்கள் ஒவ்வொரு செயல்முறைக்கும் காட்டும் 'ரெஸ்' எண்ணில் இந்தப் பகிர்ந்த பகுதி ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப வரும். இருபது வரிகளைக் கூட்டினால் கணினியில் இருப்பதைவிட அதிக ரேமைப் பிரவுசர் தின்பதாகக்கூட வரும்! பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜர் காட்டும் எண்ணை நம்புவது மேல்.

உண்மையான தொல்லைக்கு அடையாளங்கள் வேறு. தட்டச்சு செய்த எழுத்து ஒரு நொடி கழித்துத் திரையில் விழுவது. டேப் மாறும்போது வெள்ளைத் திரை. ஒன்றும் செய்யாதபோதும் வட்டு ஓயாமல் ஓடுவது. படித்துக்கொண்டிருந்த பக்கம் தானே ரீலோட் ஆவது. இவை எதுவும் இல்லாமல் எண் மட்டும் பெரிதாகத் தெரிந்தால், அந்த டாஸ்க் மேனேஜரை மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு?

2008-இல் குரோம் வந்தபோது, டேப்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டியது அதன் பெருமைகளில் ஒன்று. ஒரு டேப் விழுந்தால் மற்றவை விழாது. அதற்கு விலை, ஒவ்வொரு செயல்முறைக்கும் தனியாக ஒதுக்கவேண்டிய ரேம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற செயலிக் குறைபாடுகள் வெளிச்சத்துக்கு வந்தபின் இன்னொரு படி போனார்கள்: ஒரே பக்கத்துக்குள் இருந்தாலும் வெவ்வேறு தளங்களிலிருந்து வரும் சட்டகங்கள் (பக்கத்துக்குள் பதித்த விளம்பரம், வீடியோ போன்ற பெட்டிகள்) வெவ்வேறு செயல்முறைகளில்தான் ஓடவேண்டும். குரோம் 67-இல் இது வந்தபோது மொத்த நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே சொன்னது. ஃபயர்ஃபாக்ஸ் இதே ஏற்பாட்டை 2021 இறுதியில் கொண்டுவந்தது. ஆக, தின்னும் ரேமில் ஒரு பங்கு நம் கடவுச்சொற்களுக்குக் கட்டும் காவல் கூலி.

மற்றொரு பங்கு பக்கங்களின் கனம். 4000 க்கு 3000 பிக்சல் உள்ள ஒரு ஜேபெக் படம் வட்டில் 3 எம்பி இருக்கலாம். திரையில் காட்ட அதைப் பிரித்து விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி ஆகிவிடுகிறது. முழு அளவிலேயே விரித்தாக வேண்டிய படங்கள் இப்படி ஏழெட்டு இருந்தால், வேறெதுவும் இல்லாமலேயே ஒரு பக்கம் 400 எம்பியை நெருங்கிவிடும். இது எந்தப் பிரவுசரில் திறந்தாலும் பெரிதாக மாறாத கணக்கு.

டேப்பை மூடுவது, ரீலோட் செய்வது

எல்லோரும் முதலில் சொல்லும் அறிவுரை, எல்லோரும் கேட்டுச் சலித்த அறிவுரை. டேப்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எழுத்து மட்டுமே உள்ள முப்பது பக்கங்கள் சேர்ந்து தின்பதை, நாள்கணக்கில் திறந்து கிடக்கும் ஒரு மின்னஞ்சல் டேப் தனியாளாகத் தின்றுவிடும். நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் தளங்களில்தான், மின்னஞ்சல், அரட்டை, விரிதாள், அலுவலகப் பலகை என, நினைவகக் கசிவு நேரும். திரையிலிருந்து எடுத்துவிட்ட பொருளை நிரல் எங்கோ ஒரு மாறியில் பிடித்து வைத்திருக்கும். தேவையற்றதை ரேமிலிருந்து நீக்கும் பிரவுசரின் குப்பை அள்ளுபவர் வந்தாலும் 'இன்னும் யாரோ வைத்திருக்கிறார்கள்' என்று விட்டுப் போய்விடுவார்.

கசிவா, கனமா என்று பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. குரோம், எட்ஜ் டாஸ்க் மேனேஜரில் பத்தித் தலைப்பின் மேல் வலது சொடுக்கு கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் மெமரி என்ற பத்தியைச் சேர்க்கலாம். அந்த டேப்பைத் தொடாமல் அரை மணி நேரம் விடுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் கசிவு. தினமும் காலையில் ஒரு ரீலோட் போட்டால் தீர்ந்தது. ஏறாமல் முதலிலேயே பெரிதாக இருந்தால் அந்தத் தளமே கனம். வேலை முடிந்ததும் மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் அபவுட், முக்காற்புள்ளி, பிராசஸஸ் என்று தட்டினால் இதே போன்ற பட்டியல் வரும். அதே பாணியில் அபவுட், மெமரி என்று தட்டினால் 'மினிமைஸ் மெமரி யூசேஜ்' என்ற பொத்தானும் கிடைக்கும். அதை அழுத்தியதும் எண் நன்றாக இறங்கினால் அது வெறும் கேஷ்தான், கசிவல்ல. சஃபாரியில் ஆக்டிவிட்டி மானிட்டரே டேப்களைத் தள முகவரியோடு காட்டிவிடும்.

பிரவுசரே டேப்பைத் தூங்கவைப்பது

2022 டிசம்பரில் குரோம் 108-உடன் மெமரி சேவர் வந்தது. பயன்படுத்தாத டேப்பின் உள்ளடக்கத்தை ரேமிலிருந்து எறிந்துவிட்டுத் தலைப்பை மட்டும் பட்டையில் விட்டுவைக்கும். சொடுக்கினால் திரும்ப ஏற்றும். எட்ஜின் ஸ்லீப்பிங் டேப்ஸ் 2021-இன் தொடக்கத்திலேயே வந்தது. அதன் போக்கு சற்று வேறு. முதலில் டேப்பை உறையவைக்கும், உடனே எறியாது. அதனால் விடுபடும் ரேம் குறைவு, திரும்பி வரும் வேகம் அதிகம். ஃபயர்ஃபாக்ஸ் 93-இல் வந்த ஏற்பாடு இன்னும் தயக்கமுள்ளது: கணினியில் நினைவகம் தீரப்போகிறது என்றால் மட்டும் டேப்பை இறக்கும். 2025-இல் வந்த 140-ஆம் பதிப்பிலிருந்து டேப்பின் மேல் வலது சொடுக்கில் 'அன்லோட் டேப்' என்று நாமே கைப்பட இறக்கவும் முடிகிறது.

டேப்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் உள்ளவருக்கு, நான் இங்கே ஒப்பிடும் வழிகளிலேயே உழைப்புக்கு அதிகப் பலன் தருவது இதுதான். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒலி ஓடும் டேப், பாதி நிரப்பிய படிவம், பதிவிறக்கம் நடக்கும் டேப், அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளம் ஆகியவற்றை குரோம் தூங்கவைக்காது. நியாயம்தான். ஆனால் நண்பனின் 1.9 ஜிபி தளம் அறிவிப்பு அனுமதி பெற்றது! மெமரி சேவர் அவனிடம் ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. சாதுவான முப்பது டேப்களைத் தூங்கவைத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. அனுமதிப் பட்டியலைத் திறந்து, அறிவிப்பு தேவையில்லாத தளங்களை நீக்கினால் இந்த வசதியின் கை நீளும்.

இணைய இணைப்பு மெதுவாக இருப்பவர்களுக்கு இது இரட்டை முனைக் கத்தி. ஒவ்வொரு முறை டேப்புக்குத் திரும்பும்போதும் பக்கம் புதிதாக இறங்கவேண்டும். அவர்களுக்கு எட்ஜின் உறையவைக்கும் முறை பொருந்தும். குரோமிலேயே இருப்பதென்றால், இருக்கும் மூன்று நிலைகளில் மிதமானதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இதே வேலையைச் செய்ய எக்ஸ்டென்ஷன் போடலாமா என்றால், வேண்டாம். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் இருபது லட்சம் பேரிடம் இருந்தது. அதை உருவாக்கியவர் 2020-இல் கைமாற்றிவிட்டார். புதிதாக வந்தவர்கள் உள்ளே வேறு வேலை பார்த்ததால், 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்குநிரல் என்று அறிவித்து நீக்கியது. அது தூங்கவைத்திருந்த டேப்கள் எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின. திறந்த எல்லாப் பக்கங்களையும் பார்க்கும் உரிமையை, பிரவுசரிலேயே இருக்கும் ஒரு வசதிக்காக வெளியாளிடம் கொடுப்பது நல்ல பேரமாக எனக்குத் தெரியவில்லை.

எக்ஸ்டென்ஷன்களைக் களைவது

பலர் தாண்டிப் போய்விடும் இடம் இது. ஒரு எக்ஸ்டென்ஷன் டாஸ்க் மேனேஜரில் தன் பெயரில் காட்டும் எண் பாதிக் கதைதான். பல எக்ஸ்டென்ஷன்கள் நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் தம் நிரலை நுழைக்கின்றன. அந்தச் செலவு டேப்பின் கணக்கில் எழுதப்படும். எழுத்துப்பிழை திருத்துவது, விலை ஒப்பிடுவது, திரைப்பிடிப்பு எடுப்பது, இருள் நிறம் போடுவது என்று ஐந்து இருந்தால், ஒவ்வொரு டேப்பும் ஐந்து விருந்தாளிகளைச் சுமக்கும்.

விளம்பரத் தடுப்பான்தான் இதில் சுவையான புதிர். அது ரேமைத் தின்கிறதா, மிச்சப்படுத்துகிறதா? இரண்டும். 2014-இல் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் பொறியாளர் ஒருவர் அன்று பரவலாக இருந்த ஒரு தடுப்பானை ஆராய்ந்தார். பக்கத்திலிருக்கும் ஒவ்வொரு உட்சட்டகத்துக்கும் அது ஒரு பெரிய நடைதாளை (எதை எப்படிக் காட்டுவது, எதை மறைப்பது என்ற விதிகளின் பட்டியலை) செலுத்தியது. ஒவ்வொன்றும் சுமார் 4 எம்பி. நூற்றுக்கணக்கான சட்டகங்கள் உள்ள பக்கத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஓட்டையை ஃபயர்ஃபாக்ஸ் பிறகு அடைத்தது. இன்று நிலைமை தலைகீழ். தளங்கள் தனித்தனிச் செயல்முறைகளில் ஓடுவதால், தடுக்கப்படாத ஒவ்வொரு விளம்பரச் சட்டகமும் தனக்கென்று ஒரு செயல்முறையைக் கேட்கக்கூடும். குரோம் டாஸ்க் மேனேஜரில் 'சப்ஃபிரேம்' என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். நாம் போகவே போகாத தளங்களின் பெயர்கள் அங்கே வரிசையாக நிற்கும். செய்தித் தளங்களை அதிகம் திறப்பவருக்குத் தடுப்பான் தின்பதைவிட மிச்சப்படுத்துவது அதிகம். இரண்டு தடுப்பான்களைச் சேர்த்துப் போட்டிருப்பவர் மட்டும் ஒன்றை உடனே எடுத்துவிடலாம்.

சோதிப்பது சுலபம். எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் அணைத்து, பிரவுசரை மூடித் திறந்து, வழக்கமான டேப்களோடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். பத்து இருந்தால் பத்தையும் திரும்பப் போட மாட்டீர்கள். நாலாவதிலேயே 'இது எதுக்கு?' என்று தோன்றிவிடும்.

பிரவுசரை மாற்றுவது

மாற்றிய எல்லோரும் முதல் வாரம் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "அடேங்கப்பா, எவ்வளவு லேசா இருக்கு!" இருக்கத்தானே செய்யும். புது வீடு, சாமான் இன்னும் இறங்கவில்லை. எக்ஸ்டென்ஷன் இல்லை, எந்தத் தளத்திலும் உள்நுழையவில்லை, டேப் நாலுதான். இரண்டு மாதம் கழித்து அவர்களிடம் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

எட்ஜ், பிரேவ், ஓப்பரா, விவால்டி எல்லாமே குரோமியம் அடிப்படையில் ஓடுபவை. குரோமிலிருந்து இவற்றுக்குத் தாவுவது இயந்திரத்தை மாற்றாமல் வண்டியின் நிறத்தை மாற்றுவதற்கு மிக அருகில் வரும். வித்தியாசம் தூங்கவைக்கும் முறையிலும் விளம்பரத் தடுப்பிலும்தான். பிரேவில் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. ஓப்பரா ஜிஎக்ஸ் ரேமுக்கு உச்சவரம்பு போடவிடும்; வரம்பை இறுக்கினால் பக்கங்கள் அடிக்கடி இறங்கி ஏறும், மந்திரம் ஒன்றும் நடப்பதில்லை. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும்தான் உண்மையில் வேறு இயந்திரங்கள். குரோம் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தியபின் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானின் முழுமையான வடிவம் அங்கே ஓடுவதில்லை, ஃபயர்ஃபாக்ஸில் ஓடுகிறது. விளம்பரச் சட்டகங்களே உங்கள் ரேமைத் தின்கின்றன என்று மேலே சொன்ன சோதனையில் தெரிந்தால், மாறுவதற்கு அது நல்ல காரணம். குரோமிலேயே இருக்க விரும்புபவருக்கு யூபிளாக் ஆரிஜின் லைட் இருக்கிறது. வடிகட்டும் வேலையை அது பிரவுசரிடமே ஒப்படைத்துவிடுவதால் பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. ரேம் கணக்கில் அது ஆதாயம், தடுக்கும் திறனில் கொஞ்சம் இழப்பு.

மாறுவதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்து இதைச் செய்யுங்கள்: இப்போதிருக்கும் பிரவுசரிலேயே புதிய ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கி, வழக்கமாகத் திறக்கும் தளங்களை மட்டும் அதில் திறந்து ஒரு நாள் ஓட்டுங்கள். லேசாக ஓடினால் குற்றவாளி பிரவுசர் இல்லை, பழைய ப்ரொஃபைலில் சேர்ந்த மூட்டைகள். அதிலும் கனமாகவே ஓடினால் தளங்கள்தான் காரணம். அவை புதுப் பிரவுசருக்கும் கூடவே வரும். எப்படிப் பார்த்தாலும் மாறுவதற்கான அவசரம் குறைந்துவிடும்.

தொடக்கூடாத சில

ரேம் குறையும் என்று சொல்லி, தளங்களைத் தனிமைப்படுத்தும் பாதுகாப்பை அணைக்கும் வழிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பத்துச் சொச்சம் சதவீதத்துக்காக அதைச் செய்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. ரேமை 'சுத்தம்' செய்யும் மென்பொருள்கள் ரேமில் இருப்பதை வலுக்கட்டாயமாக வட்டுக்குத் தள்ளிவிட்டு எண்ணை அழகாகக் காட்டும்; அடுத்த நொடி அதைத் திரும்பக் கொண்டுவரக் கணினி திணறும். ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை, அதாவது திரையில் வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சில்லான ஜிபியுவிடம் விடும் அமைப்பை அணைப்பது, கிராஃபிக்ஸ் டிரைவரில் கோளாறு இருந்து ஜிபியு செயல்முறை மட்டும் வீங்கும்போது உதவும். மற்ற நேரத்தில் சுமை சிபியுவுக்கு மாறுவதுதான் மிச்சம்.

ரேம் வாங்குவது

இதைக் கடைசியில் வைத்ததற்கு, இது மட்டமான வழி என்று பொருள் இல்லை. 4 ஜிபி உள்ள கணினியில் நான் மேலே சொன்ன அத்தனையும் செய்தாலும் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். இயங்குதளமும் பிரவுசரும் வைரஸ் தடுப்பும் சேர்ந்தால் அதுவே நிரம்பிவிடும். அங்கே நேரே ரேமுக்குப் போவது புத்திசாலித்தனம். 16 ஜிபி இருந்தும் பிரவுசர் திணறினால், 32 ஆக்குவதற்கு முன் கசிவைத் தேடுங்கள். கசியும் டேப்புக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது.

நடுவில் இருக்கும் 8 ஜிபிகாரர்களுக்குத்தான் குழப்பம். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் கிராஃபிக்ஸும் இதே 8 ஜிபியிலிருந்துதான் பங்கு கேட்கும். எக்ஸ்டென்ஷன் களைந்து, கசியும் டேப்பைக் கண்டுபிடித்து, தூங்கவைக்கும் வசதியையும் போட்டபின் ஒரு வாரம் வழக்கம்போல் வேலை செய்யுங்கள். வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வட்டு ஓயாமல் ஓடுகிறதா, மெமரி பிரஷர் சிவக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் திணறினால் வாங்கலாம். வாங்குமுன் உங்கள் லேப்டாப்பில் ரேம் கழற்றி மாட்டக்கூடியதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். இன்னும் சுழலும் ஹார்டுடிஸ்க்கில் ஓடும் பழைய கணினியாக இருந்தால், ரேமைவிட எஸ்எஸ்டிக்கு மாறுவது அதிகம் உணரக்கூடிய மாற்றமாக இருக்கலாம். ரேம் நிரம்பும்போது கணினி ஒதுங்கும் இடம் அந்த வட்டுதான். வட்டு வேகமானால் நிரம்பிய ரேமும் அவ்வளவு உறுத்தாது.

நண்பன் ஒரு வாரம் பார்த்தான். ரேம் வாங்கவில்லை, பிரவுசரையும் மாற்றவில்லை. அந்த அலுவலகத் தளத்தின் அறிவிப்பு அனுமதியை மட்டும் அவனால் எடுக்க முடியவில்லை, வேலைக்கு அது வேண்டும். அதனால் தினமும் காலையில் உட்கார்ந்ததும் அந்த டேப்புக்கு ஒரு ரீலோட் போடுகிறான். போன வாரம் பேசும்போது டேப்கள் நாற்பத்தொன்று ஆகியிருந்தன.